பழைய மேசை மைக், புதிய ரிக்: நடுவில் ஒரு டிரான்சிஸ்டர்

ஹாம் ரேடியோக்காரர் (பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்பவர்) மேசையில் டி-104 மைக் இருந்தால் அறைக்குள் நுழையும்போதே கண்ணில் பட்டுவிடும். கனத்த அடிப்பாகம், நிமிர்ந்த தண்டு, உச்சியில் பளபளக்கும் வட்டத் தலை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த அஸ்டாடிக் நிறுவனம் 1933-இல் அறிமுகப்படுத்திய மைக் இது. பல பத்தாண்டுகள் விற்றது. பழைய சாமான்களோடு இன்றும் கைமாறுகிறது. ஆசையாக வாங்கியவர் அதன் ஒயரில் 8 பின் பிளக்கை வைத்து இன்றைய ரிக்கில் (பேசவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவி) செருகிப் பேசினால், எதிர்முனையிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே பதில்தான்: "குரல் ரொம்ப சன்னம், கீச்சுன்னு இருக்கு, அடிக்குரலே இல்லை." மைக் செத்துவிட்டது என்று முடிவு கட்டி ஓரம் கட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. இப்படி ஓரம் கட்டப்படுபவற்றில் பல உயிரோடு இருப்பவை.

இந்த மைக்கின் தலைக்குள் காந்தமும் இல்லை, கம்பிச்சுருளும் இல்லை. இருப்பது ரோஷெல் உப்புப் படிகம். புளிக்குப் புளிப்பைத் தருகிற டார்டாரிக் அமிலத்தின் சோடியம்-பொட்டாசியம் உப்புதான் அது. சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுகிறது என்று 1880-இல் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அவர்கள் சோதித்தவற்றில் இந்த உப்பும் ஒன்று. மைக்கில் இரண்டு மெல்லிய படிகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். குரல் பட்டு மைக்கின் மெல்லிய சவ்வு (டயஃப்ரம்) அசையும். அந்த அசைவு தகடுகளை வளைக்கும். வளைவுக்கேற்ற வோல்டேஜ் இரு பக்கமும் எழும்.

அந்த வோல்டேஜ் சிறியதே அல்ல. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட சாதாரண டைனமிக் மைக் தருவதைவிடப் பல மடங்கு. பின்னே குரல் ஏன் சன்னமாகிறது?

படிகம் வோல்டேஜைத் தரும், கரண்ட்டைத் தராது. மின்சுற்றின் கண்ணோட்டத்தில் அது ஒரு சிறு கபாசிட்டர் வழியாக வரும் மூலம். அந்தக் கபாசிட்டரை ஒரு நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 300 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) ஏறத்தாழ 5,30,000 ஓம். நம் ரிக்கின் மைக் உள்ளீடோ 600 ஓம். இரண்டும் தொடராக அமையும்போது, எழுந்த வோல்டேஜ் இந்த விகிதத்தில்தான் பங்கு பிரியும். ரிக்குக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 900-இல் ஒரு பங்கு. 3000 ஹெர்ட்ஸில் கபாசிட்டரின் மறுப்பு 53,000 ஓமாகக் குறைவதால் அங்கே 90-இல் ஒரு பங்கு கிடைக்கிறது. ஆக, குரல் முழுவதும் அடிவாங்குகிறது. அதிலும் அடிக்குரல், உச்சத்தைவிடப் பத்து மடங்கு, அதாவது 20 டெசிபல், கூடுதலாக அடிவாங்குகிறது. சன்னம், கீச்சு என்ற இரண்டு புகாருக்கும் காரணம் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது. சன்ன ஊற்றுள்ள கிணற்றில் பெரிய மோட்டாரைப் போட்டு இறைக்கிற கதைதான். ஊற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

1933-இல் இந்தச் சிக்கலே எழவில்லை. அன்றைய வெற்றிடக் குழாய்களின் கிரிட் (உள்ளீட்டு முனை) கிட்டத்தட்ட கரண்ட்டே எடுக்காது. மைக்குக்குக் குறுக்கே சில மெகா ஓம் ரெசிஸ்டரைப் போட்டால் போதும். இன்று அந்தக் குழாயின் வேலையைச் செய்யக்கூடியது ஜெஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர். எம்பிஎஃப்102, 2என்3819, பிஎஃப்245 என எது கிடைத்தாலும் சரி.

சுற்றை ஒரு விரலகல வீரோ போர்டில் (துளையிட்ட சுற்றுப் பலகை) முடித்துவிடலாம். ஜெஃபெட்டுக்குக் கேட், டிரெயின், சோர்ஸ் என மூன்று கால்கள். மைக் ஒயர் கேட்டில். கேட்டிலிருந்து எர்த்துக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர்: 10 மெகா ஓம் போட்டால் 16 ஹெர்ட்ஸ் வரைகூட இறங்கும், ஆனால் எஸ்எஸ்பி-யில் (ஹாம்கள் பேசப் பயன்படுத்தும் ஒலிபரப்பு முறை) 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எப்படியும் வெட்டிவிடுகிறார்கள் என்பதால் 2.2 மெகா ஓமே தாராளம். டிரெயின், ரிக்கிலிருந்தே கிடைக்கும் 8 வோல்ட்டுக்கு. சோர்ஸிலிருந்து எர்த்துக்கு 5 கிலோ ஓம் பிரீசெட் (திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டர்). அதன் நடுக்காலில் எடுப்பதுதான் வெளியீடு. இந்த அமைப்பு குரலைப் பெருக்காது, உள்ளே வந்த வோல்டேஜைவிடச் சற்றுக் குறைவாகவே வெளிவரும். படிகத்துக்கு மெகா ஓமைக் காட்டி, ரிக்குக்குச் சில நூறு ஓமைக் காட்டுவதோடு அதன் கடமை முடிந்தது. அப்படியும் ரிக்குக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே வரும். பிரீசெட்டைக் குறைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பிளக். ஐகாம், கென்வுட், யேசு (Yaesu) ஆகிய மூன்று நிறுவனங்களின் ரிக்குகளிலும் பார்வைக்கு ஒரே மாதிரியான 8 பின் வட்டப் பிளக் உண்டு: ஏழு பின் சுற்றிலும், எட்டாவது நடுவில். உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஐகாமில் 1 மைக், 2 எட்டு வோல்ட், 5 பிடிடி (அழுத்திப் பேசும் பட்டன்), 6 அதன் எர்த், 7 மைக் எர்த். கென்வுட்டில் மைக் 1 தான், ஆனால் பிடிடி 2-இல். யேசுவில் மைக் 8, பிடிடி 6. கென்வுட்டுக்குக் கட்டிய மைக்கை ஐகாமில் செருகிப் பட்டனை அழுத்தினால் அந்த 8 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போகும். மாடலுக்கு மாடலும் வேறுபாடு உண்டு என்பதால் உங்கள் ரிக்கின் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டும். படம் முன்பக்கத்தைக் காட்டுகிறதா, சால்டர் வைக்கும் பக்கத்தையா என்று பாருங்கள். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். பிளக்கின் உடல், கிளாம்ப் இரண்டையும் முதலில் ஒயரில் கோத்துவிடுங்கள். எட்டு பின்னையும் அழகாக வைத்து முடித்தபின் அவை மேசையில் கிடப்பதைப் பார்ப்பது கொடுமை. பழைய ஸ்டாண்டுகளில் ஒயரின் நிறத்தையும் நம்பாதீர்கள்: பலர் கைபட்டு வந்தவை அவை. மல்டிமீட்டரை கன்டினியுட்டியில் வைத்து, பட்டனை அழுத்தியும் விட்டும் பார்த்துக் குறித்துக்கொள்வதே சரி.

ஐசி-7300 போன்ற ஐகாம் ரிக்குகளில் மைக் பின்னிலேயே ஒரு டிசி வோல்டேஜ் இருக்கும். இயங்க வோல்டேஜ் தேவைப்படும் அவர்களுடைய எலக்ட்ரெட் மைக்குகளுக்காக வைத்தது. அதைத் தடுக்க வெளியீட்டில் 4.7 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் வேண்டும், பிளஸ் கால் ரிக்கைப் பார்த்தபடி. டைனமிக் மேசை மைக்கைக் கட்டுகிறவர்களுக்கு ஜெஃபெட் தேவையில்லை, 500 அல்லது 600 ஓம் மைக் நேரடியாகவே பொருந்தும். ஆனால் இந்தக் கபாசிட்டர் அவர்களுக்கும் வேண்டும். நமக்கு வேண்டிய 8 வோல்ட் 2-ஆம் பின்னிலேயே கிடைக்கிறது. அதிலிருந்து 10 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். ஜெஃபெட்டுக்கு ஓரிரு மில்லி ஆம்பியர் போதும். தனி பேட்டரி எதற்கு?

மைக் எர்த்தும் பிடிடி எர்த்தும் ஏன் இரண்டு பின்னில் இருக்கின்றன என்று பலர் யோசிப்பதில்லை. இரண்டையும் ஷீல்டோடு (ஒயரைச் சுற்றியிருக்கும் கம்பி வலை) முறுக்கி ஒரே பின்னில் வைத்துவிடுகிறார்கள். பிடிடி கரண்ட் அந்த ஷீல்டு வழியே ஓடும்போது எழும் சிறு வோல்டேஜ், மில்லி வோல்ட் கணக்கிலான குரலோடு கலந்துவிடும். பட்டனைத் தட்டும்போதெல்லாம் டப் என்ற சத்தம் காற்றில் போகும். பிடிடிக்கு இரண்டு ஒயர் தனி, குரலுக்கு ஷீல்டும் நடு ஒயரும் தனி. ஸ்டாண்டுக்குள்ளும் இந்தப் பிரிவு கலையக் கூடாது.

மெகா ஓம் சுற்றுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. பக்கத்திலேயே 100 வாட் வெளியேறும்போது மைக் ஒயர் ஆன்டெனாவாகிவிடும். அதில் ஏறும் ஆர்எஃப்-ஐ (ரேடியோ அலையை) ஜெஃபெட் ஆடியோவாக மாற்றும், அது மறுபடி ஒலிபரப்பாகும், பேச்சு கரகரத்துச் சிதையும். கேட்டுக்கு முன் 1 கிலோ ஓம் தொடராகவும், கேட்டிலிருந்து எர்த்துக்கு 100 பிகோஃபாரட்டும் வைத்தால் அடங்கும். 7 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கபாசிட்டர் சுமார் 230 ஓம். 1000 ஹெர்ட்ஸிலோ 16 லட்சம் ஓம். ஆர்எஃப் இறங்கிவிடும், குரல் தங்கிவிடும். போர்டை ஸ்டாண்டின் உலோக அடிப்பாகத்துக்குள்ளேயே வைத்து மூடுவது நல்லது.

இத்தனை பாடும் எதற்கு, ரிக்கோடு வந்த கை மைக்கே போதாதா என்றால், போதும்தான். ஆனால் பேச்சின் பலம் உயிரொலிகளின் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்க, சொல்லைப் பிரித்துக் காட்டுகிற மெய்யொலிகளின் கூர்மை மேல்பகுதியில் இருக்கிறது. டி-104 இயல்பாகவே அந்த மேல்பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். இரைச்சலுக்கு நடுவே மெலிந்து போகும் சிக்னலிலும் அழைப்புக்குறி ஒரே தடவையில் பிடிபடுவதற்காகவே தொலைதூரத் தொடர்பு ஆர்வலர்கள் இதைக் கொண்டாடினார்கள்.

படிகம் உண்மையிலேயே போயிருக்கவும் வாய்ப்புண்டு. ரோஷெல் உப்பு ஈரத்தில் கரையும். 55 டிகிரி செல்சியஸ் வாக்கில் கட்டமைப்பே குலைந்துவிடும். வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மதியம் கிடந்தாலே ஆபத்து. ஜெஃபெட் போட்டும் குரல் எழவில்லை என்றால், தலைக்குள் படிகத்தைப் போலவே வோல்டேஜ் தரும் ஒரு செராமிக் துண்டைப் பொருத்தலாம், சுற்று மாறாது.

கட்டி முடித்ததும் ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடில் (சக்தியை வெளியே விடாமல் தானே வாங்கிக்கொள்ளும் சுமை) போட்டுப் பேசிப் பாருங்கள். மைக் கெயினை நடுவில் வைத்து, உரக்கப் பேசும்போதும் ஏஎல்சி முள் (குரலின் அளவு மீறுகிறதா என்று காட்டும் மீட்டர்) அதன் எல்லையைத் தாண்டாதபடி பிரீசெட்டைத் திருகுங்கள். அதைத் தாண்டினால் உங்கள் குரல் பக்கத்து அலைவரிசையில் பேசிக்கொண்டிருப்பவர் மேல் போய் விழும்.