ஃபோக்கஸ்: குவியமா, குவிப்பா?

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் எடுத்த படம் ஒன்று என் அக்கா மகளின் கைப்பேசியில் இருக்கிறது. கூட்டத்துக்கு மேலே இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்து, கேமராவின் பின்திரையை அண்ணாந்து பார்த்தபடி நான் எடுத்தது. காவடியின் மயிலிறகை இழை இழையாக எண்ணிவிடலாம். காவடி எடுத்தவரின் முகம் மட்டும் கபூர். மங்கல் என்பதற்கு மலாய்ச் சொல் அது. பினாங்கில் எங்களுக்கு அதுவும் வீட்டுச் சொல்தான். கல்யாணப் படம் எடுக்கிற நண்பர்கள் ‘ஃபோக்கஸ் அவுட்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘கபூர்’ என்பார்கள். தமிழில் என்ன சொல்வது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவள் கேட்டாள். கோலாலம்பூரில் பேட்டன்ட் என்கிற காப்புரிமைக்கு விண்ணப்பங்களைத் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. புதிதாக வரும் கண்டுபிடிப்பைப் பழைய ஆவணங்களோடு வைத்து வரி வரியாக ஒப்பிட வேண்டும். “மாமா, ஆட்டோஃபோக்கஸுக்குத் தமிழில தானியங்கிக் குவியம்னு படிச்சேன். சரிதானா?” என்றாள். சரிதானம்மா என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அது முழுக்கச் சரியில்லை என்று உறைத்தது.

முதலில் ஃபோக்கஸ் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். லத்தீனில் ஃபோக்குஸ் என்றால் அடுப்பு, வீட்டில் நெருப்பு எரியும் இடம். நெருப்பைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லும் ஸ்பானியச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் அதன் வழி வந்தவையே. அடுப்பங்கரைச் சொல்லைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் யோகான்னஸ் கெப்ளர். 1604இல் வெளிவந்த ஒளியியல் நூலில், வளைகோடுகளுக்குள் இருக்கும் ஒரு தனிப் புள்ளிக்கு அந்தப் பெயரை வைத்தார். பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கிய எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் படும். ஜெர்மன் மொழியில் அந்தப் புள்ளிக்கு ‘எரியும் புள்ளி’ என்றே பெயர். சீனத்திலும் ஜப்பானியத்திலும் எழுதும் எழுத்துகளைப் பிரித்தால் ‘கருகும் புள்ளி’ என்று வரும். ஜப்பானியப் படப்பிடிப்பாளர்கள் பேச்சில் ‘பின்டோ’ என்பார்கள். எரியும் புள்ளியைக் குறித்த டச்சுச் சொல்லின் வால்துண்டு அது. இன்னொரு வேடிக்கை, லென்ஸ் என்ற சொல்லும் சமையலறையிலிருந்து வந்ததே. லத்தீனில் அது ஒரு பருப்பின் பெயர், நம் மைசூர்ப் பருப்பின் இனம். அடுப்பும் பருப்பும் சேர்ந்துதான் கேமரா ஆயிற்று.

தமிழ் நெருப்பின் பக்கம் போகவில்லை. குவி என்ற வேரைப் பிடித்தது. ஆம்பல் குவியும், கை குவியும், நெல் குவியும். பரந்து கிடப்பது ஓரிடத்தில் கூடுவதே குவிதல். ஒளிக்கதிர்கள் கூடும் இடத்துக்குக் குவியம் என்று பெயர் வைத்தவர் நன்றாகவே வைத்திருக்கிறார் என்பேன். அவர்கள் புள்ளியில் சூட்டைப் பார்த்தார்கள், நாம் கூட்டத்தைப் பார்த்தோம்.

ஆனால் இந்த வேருக்கு இன்னொரு முகம் உண்டு. குவிந்த பொருள் மேடாகவும் இருக்கும். நெற்குவியலைப் பாருங்கள், அல்லது ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் குவிமாடத்தைப் பாருங்கள். ஆகவே புடைத்த வடிவத்துக்கும் குவி என்றே பெயர் வந்துவிட்டது: புடைத்த லென்ஸ் குவிவில்லை, புடைத்த கண்ணாடி குவியாடி. குவிவில்லையில் சிக்கல் இல்லை. அது புடைத்தும் இருக்கிறது, ஒளியைக் கூட்டவும் செய்கிறது. குவியாடியில்தான் வம்பு. புடைத்த ஆடி ஒளியை விரித்துவிடும், கூட்டுவது குழியாடி. முதன்முதலாகப் படிக்கிற பிள்ளை ‘குவியாடி ஒளியைக் குவிக்காது’ என்ற வாக்கியத்தில் தடுக்கி விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தடுக்கலும் வாய்ப்பதில்லை. மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. வில்லையும் குவியமும் இடைநிலைப்பள்ளி இயற்பியலில் வருகின்றன, அங்கே பாடம் மலாயில். ‘தித்திக் ஃபோக்குஸ்’ என்று குவியப் புள்ளியைப் படித்துவிட்டு, பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குப் போய், அங்கேயும் ஃபோக்கஸ் என்றே சொல்லி ஓய்வுபெறுகிறோம். நானும் அப்படித்தான். குவியம் என்ற சொல்லை நான் பார்த்தது தமிழ்நாட்டுப் பாடநூல் ஒன்று கைக்குக் கிடைத்தபோதுதான், அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது.

சரி, அக்கா மகள் கேட்டதற்கு வருகிறேன். ஃபோக்கஸ் என்ற ஒரே சொல் நான்கு வேலை பார்க்கிறது. ஒன்று புள்ளி. இன்னொன்று அந்தப் புள்ளியை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவரும் செயல். மூன்றாவது படம் தெளிவாக விழுந்திருக்கும் நிலை. நான்காவது பேச்சில் வரும் ‘படிப்பில ஃபோக்கஸ் பண்ணு’. நான்காவதற்குக் கவனம் என்ற நல்ல சொல் ஏற்கனவே இருக்கிறது, அதை விட்டுவிடலாம். முதல் மூன்றையும் குவியம் என்ற ஒரே பெட்டிக்குள் போட்டால் பேச்சில் யாருக்கும் நட்டமில்லை. காப்புரிமைப் பரிசோதனையில் நட்டம் உண்டு.

பரிசோதகர் மூன்று கேள்வி கேட்பார்: இது புதியதா, அந்தத் துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றிவிடாததா, தொழிலில் பயன்படுமா. மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் இவற்றையே கேட்கிறது. 1986 அக்டோபர் 1இல் அது நடப்புக்கு வரும்வரை, பிரிட்டனில் பெற்ற காப்புரிமையை இங்கே கொண்டுவந்து பதிந்துகொள்வதுதான் வழக்கமாக இருந்தது. பரிசோதகர் இந்தக் கேள்விகளைக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதில்லை, உரிமைக்கோரல் என்ற பகுதியில் இருக்கும் சொற்களை வைத்தே கேட்கிறார். அங்கே ஒவ்வொரு சொல்லும் எல்லைக்கல்.

ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். ‘வில்லை வழியே வந்த ஒளியைப் படவுணரி தொடர்ந்து திரையில் காட்டும். ஃபோக்கஸ் செய்யும்போது திரையின் நடுப்பகுதி பெரிதாகித் தெரியும்.’ இவ்வளவுதான் உரிமைக்கோரல். படவுணரி என்றால் ஒளியைப் படமாக்கும் சில்லு. பரிசோதகர் பழைய ஆவணம் ஒன்றைத் தேடி எடுக்கிறார். அதிலும் திரை பெரிதாகிறது, ஆனால் அங்கே ஃபோக்கஸ் செய்ய வில்லையின் வளையத்தைக் கையால் திருப்புகிறார்கள். விண்ணப்பதாரர் தானாக நடப்பதை மனத்தில் வைத்து எழுதியிருக்கலாம். எழுதிய சொல்லோ கையால் செய்வதையும் உள்ளே விடுகிறது. ஆகவே புதுமை இல்லை என்று திருப்பி அனுப்பலாம். ‘ஆட்டோ’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் எல்லைக்கல் வேறு இடத்தில் நின்றிருக்கும். அதன் பிறகும் ‘கையால் செய்ததைத் தானாகச் செய்யவைப்பது யாருக்கும் தோன்றுமே’ என்ற இரண்டாவது கேள்வி காத்திருக்கும், அது வேறு சண்டை.

காப்புரிமைகளை அடுக்கிவைக்கும் பன்னாட்டு வகைப்பாட்டிலேயே இந்தப் பிரிவினை தெரிகிறது. ஜி02பி 7/28 என்ற இடத்தில் குவிப்பதற்கான குறிப்பலையை, அதாவது சிக்னலை, தானாக உண்டாக்கும் முறைகள் இருக்கின்றன. ஜி03பி 13/36 என்ற இடத்தில் ஆட்டோஃபோக்கஸ் அமைப்புகள் இருக்கின்றன. ஜப்பானிய ஆவணங்களில் ‘குவிநிலையை அறியும் கருவி’ வேறு, ‘குவிநிலையைச் சரிசெய்யும் கருவி’ வேறு. முன்னது பார்த்துச் சொல்லும், பின்னது வில்லையை நகர்த்தும்.

தமிழுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதில்லை. குவி என்ற வினை தன்வினையாகவும் நிற்கும், பிறவினையாகவும் நிற்கும். படம் குவிந்தது, கேமரா குவித்தது. ஒற்றை மெய் மாறினால் போதும், தானாக நேர்ந்ததும் ஒருவர் செய்ததும் பிரிந்துவிடும். ஆகவே புள்ளிக்குக் குவியம் என்று வைத்துக்கொள்ளலாம். குவியத் தூரம், குவியத் தளம் எல்லாம் அதன் பிள்ளைகள். செயலுக்குக் குவிப்பு. தெளிவாக விழுந்த நிலைக்குக் குவிநிலை. குவிவு என்றும் சொல்லலாம்தான், ஆனால் இலங்கை வழக்கில் குவிவு என்பது புடைத்த வடிவம், அங்குள்ளவர்கள் குழம்புவார்கள். இப்படிப் பார்த்தால் ‘தானியங்கிக் குவியம்’ ஏன் உறுத்தியது என்று புரிகிறது. தானாக இயங்குவது புள்ளி அல்ல, செயல். தானியங்கிக் குவிப்பு என்பதே சரி. இன்னும் சுருக்கலாமே என்று தன்னோடு குவிப்பைச் சேர்த்துப் பார்த்தேன். புணர்ச்சி விதிப்படி தற்குவிப்பு என்று வந்து நின்றது. தற்கொலைக்குத் தம்பி மாதிரி ஒலிக்கிற சொல்லை விற்பனைப் பெட்டியில் எந்தக் கடைக்காரர் ஒட்டுவார்? விட்டுவிட்டேன்.

இந்தச் செயலுக்கு எவ்வளவு விலை என்பதை 1992இல் நியூ ஜெர்சி நீதிமன்றம் ஒன்று காட்டியது. பெருமளவில் விற்பனைக்கென்று உற்பத்தியான முதல் தானியங்கிக் குவிப்புக் கேமரா கோனிக்கா சி35 ஏஎஃப், ஆண்டு 1977. அதற்குள் இருந்தது ஹனிவெல் நிறுவனத்தின் சில்லு. 1985இல் மினோல்ட்டா 7000 வந்தது. குவிப்பு மோட்டாரை உடலுக்குள்ளேயே வைத்திருந்த அந்தக் கேமரா சந்தையைப் புரட்டிப்போட்டது. தன் காப்புரிமையை மினோல்ட்டா மீறியிருக்கிறது என்று ஹனிவெல் வழக்குப் போட்டது. நடுவர் குழு 9 கோடியே 63 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கடைசியில் 12 கோடியே 75 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்கப்புறம் மற்ற கேமரா நிறுவனங்களும் பணத்தோடு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

சர்ச்சையில் இருந்த நுட்பத்தின் சாரத்தைச் சொல்லிவிடலாம். வில்லையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியே அனுப்பும் இரண்டு படங்களை ஒப்பிட வேண்டும். இரண்டும் பொருந்தி விழுந்தால் குவிந்துவிட்டது. விலகி விழுந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு விலகல் என்பதிலிருந்தே வில்லையை எங்கே நகர்த்துவது என்று தெரிந்துவிடும். நம் இரண்டு கண்களும் தூரத்தை அளக்கும் கணக்குதான் கிட்டத்தட்ட.

திரையில் நேரடியாகப் பார்த்து எடுக்கும் ‘லைவ் வியூ’ வசதி வந்தபோது இந்தக் கணக்கு குலைந்தது. கண்ணாடி வைத்த கேமராவில் அந்த ஒப்பீட்டு உணரி தனி இடத்தில் இருக்கும், கண்ணாடிதான் அதற்கு ஒளியை அனுப்பும். படவுணரி பார்ப்பதைத் திரையில் காட்டக் கண்ணாடியைத் தூக்கினால் ஒப்பீட்டு உணரி குருடாகிவிடும். 2006இல் வந்த ஒலிம்பஸ் இ-330, கண்ணாடிக் கேமராவில் கண்ணால் பார்க்கும் பாதைக்கென்று இரண்டாவது படவுணரி ஒன்றை வைத்துச் சமாளித்தது. மற்றவை வில்லையை முன்னும் பின்னும் ஆட்டி, விளிம்புகள் எப்போது மிகக் கூர்மையாகின்றன என்று தேடின. ‘ஃபோக்கஸ் தேடுது’ என்று படப்பிடிப்பாளர்கள் சொல்வது அந்தத் தடுமாற்றத்தைத்தான். படவுணரியின் புள்ளிகளையே இரண்டாகப் பிளந்து ஒப்பிடும் வழியை 2013இல் கேனன் 70டி கொண்டுவந்த பிறகு தேடல் பெரும்பாலும் தணிந்தது. குவிப்பும் திரைக்காட்சியும் சேர்ந்தே வரும் காப்புரிமைகள் இத்தனை இருப்பதற்குக் காரணம், ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும் இந்தச் சிக்கல்.

‘லைவ் வியூ’ என்ற அந்தத் திரைக்காட்சிக்குத் தமிழ்ச் சொல்? நேரலை என்று போடுகிறார்கள். நேரலை தொலைக்காட்சிச் சொல், அதில் அலை இருக்கிறது, ஒலிபரப்பு இருக்கிறது. என் கையில் இருக்கிற கேமராவின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு வருவதற்கு அலை எதற்கு? நிகழ்காட்சி போதும்.

இவ்வளவு எழுதிவிட்டுக் காப்புரிமை என்ற சொல்லைச் சும்மா விடக்கூடாது. பேட்டன்ட் என்பதன் வேர் ‘திறந்திருத்தல்’. முத்திரையை உடைக்காமலே எவரும் படிக்கும்படி அரசர் கொடுத்த திறந்த மடலே அதன் தொடக்கம். இன்றும் விண்ணப்பத்தின் முழு விவரமும் பதினெட்டு மாதத்தில் உலகம் பார்க்க வெளியாகிவிடும். பூட்டி வைப்பதற்கு நேர் எதிரான ஏற்பாடு அது. காப்பு என்ற சொல் அந்தப் பாதியை மறைத்துவிடுகிறது. இலங்கை வழக்கின் ஆக்கவுரிமை எனக்கு அதிகம் பிடிக்கும். ஆனால் இங்கே பத்திரிகைகளில் காப்புரிமை ஊறிவிட்டது. பதிப்புரிமையோடு குழப்பாமல் எழுதினால் எனக்குச் சண்டையில்லை. மலாய்க்காரர்கள் அறிவுச்சொத்துக்கு ‘ஹர்த்தா இன்டெலெக்’ என்கிறார்கள். அந்த ஹர்த்தா வடமொழி அர்த்தத்தின் வழி வந்தது. சொல்லின் பொருளும் செல்வமான பொருளும் ஒன்றாக நிற்கும் சொல் நமக்கும் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் சுருக்கி அக்கா மகளுக்கு அனுப்பினேன். குவியம் புள்ளி, குவிப்பு செயல், குவிநிலை விளைவு, முகம் தானாகக் குவியாது, யாராவது குவிக்க வேண்டும் என்று விளக்கியிருந்தேன். கூடவே, தைப்பூசப் படத்தில் முகம் குவியவில்லை என்றும் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை தைப்பூசப் படத்தோடு பதில் வந்தது.

“முகம் குவியலைன்னு நேத்து நீங்க சொன்னீங்க மாமா. குவிக்கலைன்னு சொல்லியிருக்கணும், இல்லையா?”