வலிக்கு முந்தின நாள்

அம்மாவுக்குத் தலைவலி வரப்போவது அவருக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் கொட்டாவி விட ஆரம்பிப்பார். பிடரி இழுக்கிறது என்பார். இனிப்புப் பக்கமே போகாதவர், அடுக்களை டப்பாவைத் திறந்து வெல்லத்தை உடைத்து வாயில் போட்டுக்கொள்வார். மறுநாள் காலையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஈரத்துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். மத்தியானம் ஒரு வாந்தி. "பித்தம் வெளியே போயிடுச்சு, இனி சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போவார். எல்லாவற்றுக்கும் அந்த வெல்லம்தான் காரணம் என்று பாட்டி பல வருடம் சாதித்துவந்தார்.

அம்மாவுக்கு வந்தது மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி. பாட்டி காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சாக்லேட் சாப்பிட்டால் மைக்ரேன் வரும் என்று மருத்துவர்களே வெகுகாலம் சொல்லிவந்தார்கள்.

2016இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் மைக்ரேன் உள்ள ஒரு பெண்ணின் மூளையை 30 நாள், தினமும் ஸ்கேன் செய்தார்கள். அந்த ஒரு மாதத்தில் அவருக்கு மூன்று முறை தலைவலி வந்தது. வலி தொடங்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளேயே ஹைப்போதாலமஸ் என்ற பகுதியின் செயல்பாடு மாறியிருந்தது. பசி, தூக்கம், உடல் சூடு எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் இடம் அது. ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்த ஆய்வுதான் என்றாலும், கொட்டாவியும் இனிப்பு ஆசையும் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு அதில் ஒரு விடை இருக்கிறது. வெல்லத்தைத் தேடிக் கை போகும்போதே மைக்ரேன் தொடங்கிவிட்டது. தலைக்கு வந்துசேர அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

மைக்ரேன் என்ற சொல் 'ஹெமிக்ரேனியா', அதாவது பாதி மண்டை, என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாமும் ஒற்றைத் தலைவலி என்றுதான் சொல்கிறோம். பெயரை நம்பி, இரண்டு பக்கமும் வலித்தால் இது வேறு என்று நினைத்துவிட வேண்டாம். சிலருக்கு அப்படியும் வரும். விண் விண் என்று தெறிக்கும், மாடிப்படி ஏறினால் கூடும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை நீடிக்கும்.

சிலருக்கு வலிக்குமுன் கண்ணில் ஒரு வேடிக்கை நடக்கும். பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு எழுத்து காணாமல் போகும். அந்த இடத்தில் மினுக்கும் ஒரு புள்ளி தோன்றி, ரம்பப் பல் போன்ற வளைவாக விரிந்து, ஓரத்துக்குப் போய் மறையும். கண்ணை மூடினாலும் தெரியும். கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தனக்கு வந்த இந்தக் காட்சியைக் காகிதத்தில் நேரம் குறித்து வரைந்துவைத்தார். பார்வைக்கான மூளைப் பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்தால்தான் இப்படித் தெரியும் என்று 1941இல் கணக்குப் போட்டுச் சொன்னார். மூன்று வருடம் கழித்து, பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடீஸ் லியாவோ வலிப்பு நோய்க்காக முயல்களின் மூளையை ஆராயும்போது, நரம்பணுக்கள் வரிசையாக அடங்கிக்கொண்டே போகும் ஓர் அலையைக் கண்டார். அதன் வேகமும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டும் ஒன்றுதான் என்று ஒருவர் சேர்த்துப் பார்த்து எழுத 1958 ஆகிவிட்டது.

சரி, வலி எங்கே? மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதனால்தான் நோயாளியை விழிக்கவைத்துப் பேச்சுக்கொடுத்துக்கொண்டே மூளையில் அறுவை செய்ய முடிகிறது. வலியை உணர்வது மூளையைச் சுற்றியுள்ள உறையும் அதிலுள்ள ரத்தக் குழாய்களும். அவற்றிலிருந்து சேதி கொண்டுபோவது ட்ரைஜெமினல் என்ற நரம்பு. நெற்றி, கண், கன்னம், தாடை எல்லாம் இதே நரம்பின் ஆட்சியில்தான் இருக்கின்றன. உறையில் எழும் வலி கண்ணுக்குப் பின்னாலும் கன்னத்திலும் தெரிவது இதனால்தான். கூடவே மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும். உடனே நாம் "எனக்கு சைனஸ் இருக்கு" என்று சொல்லி ஆவி பிடிக்கக் கிளம்பிவிடுகிறோம். அமெரிக்காவில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. தெருவுக்கு நான்கு சைனஸ்காரர்கள் இருக்கும் நம் ஊரில் இப்படி எண்ணிப் பார்த்தால் என்ன வரும் என்று நினைத்துக்கொள்வேன்.

ரத்தக் குழாய் விரிவதுதான் வலி என்று 20ஆம் நூற்றாண்டில் பாதிக்கு மேல் நம்பப்பட்டது. இப்போது ஆராய்ச்சியாளர்களின் கவனம் நரம்பின் பக்கம் திரும்பிவிட்டது. ட்ரைஜெமினல் நரம்பு முனைகள் சி.ஜி.ஆர்.பி. என்ற சிறிய புரதத்தைக் கசியவிடுகின்றன. மைக்ரேன் வரும் ஒருவருக்கு அதை ரத்தத்தில் ஏற்றினால் பெரும்பாலும் மைக்ரேனே வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு லேசான தலைவலியோடு போய்விடும். இந்த வழியைத் துலக்கிய லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி உள்ளிட்ட நால்வருக்கு 2021இல் டென்மார்க்கின் மூளைப் பரிசு கிடைத்தது. சி.ஜி.ஆர்.பி.யின் வழியை அடைக்கும் முதல் ஊசி மருந்தான எரெனுமாப் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலையைக் கேட்டால் அதற்கே தலை வலிக்கும்.

நம்மில் பெரும்பாலோருக்குக் கைக்கெட்டுவது மாத்திரைதான். அதில்தான் தப்பும் அதிகம். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று வலி முற்றும்வரை காத்திருப்பது முதல் தப்பு. மைக்ரேன் வந்தால் இரைப்பையும் மந்தமாகிவிடும், விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும். அதற்குள் வலி நரம்பிலிருந்து தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறி, அங்குள்ள அணுக்களையும் உசுப்பிவிட்டிருக்கும். அப்புறம் சீப்பு பட்டால்கூட எரியும். அம்மா கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி ஜன்னல் விளிம்பில் வைப்பார், தலையணையில் அந்தப் பக்கம் படாமல் திரும்பிப் படுப்பார். இந்தக் கட்டத்துக்கு வந்தபின் சுமாட்ரிப்டான் போன்ற, மைக்ரேனுக்கென்றே வந்த மருந்துகளும் சரியாகப் பிடிப்பதில்லை. இதய நோய் உள்ளவர்கள் இந்த வகை மருந்தை எடுக்கவே கூடாது.

இரண்டாவது தப்பு இதற்கு நேர் எதிர். அடிக்கடி வலிக்கிறதே என்று அடிக்கடி போட்டுக்கொள்வது. மாதத்தில் 15 நாளுக்குச் சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாளுக்கு சுமாட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் வகையோ காஃபின் சேர்ந்த கூட்டு மாத்திரையோ என்று சில மாதம் ஓடினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பெட்டிக்கடையில் சில்லறைக்குப் பதிலாகத் தருகிற மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு. நிறுத்தினால் முதலில் வலி கூடும், பிறகுதான் குறையும். அதனால் மருத்துவரைக் கேட்டு நிறுத்துவதே நல்லது.

அடிக்கடி வருகிறவர்களுக்கு, வராமல் தடுக்கத் தினசரி மாத்திரைகள் உண்டு. ப்ரொப்ரனலால் அவற்றில் ஒன்று. சீட்டைப் பார்த்த மருந்துக்கடைக்காரர் "இது பிரஷர் மாத்திரையாச்சே" என்பார், வீட்டுக்கு வந்து அதைத் தூக்கி மூலையில் வைத்துவிடுவோம். இதய வலிக்காகக் கொடுத்த இடத்தில் ஒற்றைத் தலைவலியும் குறைந்ததை 1960களில் தற்செயலாகக் கவனித்ததால் இந்த வேலைக்கு வந்த மருந்து அது. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஆஸ்துமா இருந்தால் இது ஆகாது. வேறு சில தடுப்பு மருந்துகள் கர்ப்பத்துக்குக் கெடுதல்.

தலைக்குக் குளித்தால் தலைவலி வருகிறது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதைப் பிரமை என்று தள்ளியவர்கள் உண்டு. 94 இந்திய நோயாளிகளிடம் இதையே கவனித்து மும்பை மருத்துவர் ஒருவர் மருத்துவ இதழில் எழுதிவிட்டார். ஆனால் குளியல் தனியாக வருவதில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரத்தலையோடு, விரதம் என்று காலையில் சாப்பிடாமல், கோயில் வெயிலில் நின்றால் எது காரணம் என்று யார் பிரிப்பது? மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இறங்கும் நாளாகவும் அது அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

திடீரென்று இடி விழுந்த மாதிரி வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, 50 வயதுக்கு மேல் முதல்முறையாகத் தொடங்கும் தலைவலி: இவற்றுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அம்மாவின் அடுக்களையில் இப்போது ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. மருத்துவர் சொன்னபடி, வலித்த நாளுக்கு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. போன மாதம் மூன்று வட்டம், இரண்டு பெருக்கல். யாரும் சொல்லாமலே அவர் இன்னொன்றும் செய்திருக்கிறார். ஒவ்வொரு வட்டத்துக்கும் முந்தின நாள் கட்டத்தில், பென்சிலில் பொடி எழுத்தில், 'வெல்லம்'.