குட்டி உடும்பும் அறுபது டிகிரி வெயிலும்

உடும்பு இனத்தில் பெரியது கொமோடோ டிராகன். மூன்று மீட்டர் நீளம் வரை வளரும். அதே வாரனஸ் பேரினத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலியக் குட்டைவால் உடும்பு, மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்தால் சுமார் 25 சென்டிமீட்டர்தான் இருக்கும். வீட்டில் ஊர்வன வளர்ப்பவர்கள் அதிகம் விரும்புவது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒன்று. ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் மேற்கிலும் வறண்ட பாறைப் பகுதிகளில் வாழும் முள்வால் உடும்பு அது. வளர்ப்பவர்கள் ‘ஆக்கி’ என்பார்கள். வாலையும் சேர்த்து 60, 70 சென்டிமீட்டர் வரும். அதில் பாதிக்கு மேல் வால்தான்.

"சின்னதுதானே, ஒரு கண்ணாடித் தொட்டியும் பல்பும் போதும்" என்று நினைத்து இதை வாங்குகிறவர்கள் நிறைய. பல்லி, ஓணான் வளர்த்த பழக்கத்தில் வரும் நினைப்பு அது. ஆனால் உடும்பின் உடல் இயங்கும் விதமே வேறு.

பெரும்பாலான பல்லிகளுக்கு ஓடிக்கொண்டே மூச்சு விடுவது சிரமம். ஓடும்போது உடல் இடமும் வலமுமாக வளைகிறது; அந்த வளைவுக்கும் மூச்சுக்கும் ஒரே விலாத் தசைகள்தான் வேலை செய்ய வேண்டும். அதனால்தான் அவை கொஞ்ச தூரம் பாய்ந்து ஓடிவிட்டு நின்றுவிடுகின்றன. உடும்பு தொண்டைப் பையை விரித்துச் சுருக்கி, காற்றை நுரையீரலுக்குள் தள்ளிக்கொண்டே ஓடும். அதன் நுரையீரலின் பெரும் பகுதியில் காற்று பறவைகளில் போல ஒரே திசையில் சுற்றிவருகிறது என்று 2014-ல் சவானா உடும்பை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். நாள் முழுக்க மோப்பம் பிடித்து, தோண்டி, துரத்தித் தின்னும் பிராணிக்கு ஏற்ற உடலமைப்பு இது. ஆனால் இது முழு வேகத்தில் இயங்க உடல் வெப்பம் 35 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் வந்தாக வேண்டும். அந்தச் சூட்டை உடும்பால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது, வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். உடலுக்கு 37 டிகிரி வேண்டுமென்றால் விளக்கடியில் 40 டிகிரி போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆக்கிக்கு வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 55 முதல் 65 டிகிரி வரை இருக்க வேண்டும். கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது வாழும் இடத்தில் நண்பகல் பாறை அப்படித்தான் கொதிக்கிறது. உடும்பு அதில் வந்து வயிற்றைத் தட்டையாக்கிப் படுத்து, சில நிமிடங்களில் சூடேறியதும் எழுந்து இரை தேடப் போய்விடும். கல் 40 டிகிரியில் மட்டும் இருந்தால் உடல் சூடேற நெடுநேரம் ஆகும். மணிக்கணக்கில் விளக்கடியிலேயே கிடக்கும், முதுகு மட்டும் காய்ந்து சூட்டுப்புண் வரும், உள்ளே செரிமானம் மந்தமாகவே இருக்கும். மேற்பரப்பு வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்க வேண்டும். காற்றின் வெப்பத்தைக் காட்டும் கருவி இதற்கு உதவாது. அப்புறம், அதே கூண்டின் மறுமுனை 25 டிகிரியை ஒட்டி இருந்தே ஆக வேண்டும். ஒதுங்க இடமில்லாமல் கூண்டு முழுவதும் சூடானால் உடும்பு செத்துவிடும். தனி ஆக்கிக்கே கூண்டு குறைந்தது 120 சென்டிமீட்டர் நீளம் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சின்னத் தொட்டிக்குள் 60 டிகிரியையும் 25 டிகிரியையும் ஒன்றாக வைக்க முடியாது.

அடுத்தது ஈரம். பாலைவனப் பிராணிக்கு ஈரம் எதற்கு என்று கேட்பார்கள். வெளியே எவ்வளவு வறண்டாலும் உடும்பு இரவையும் கடும் வெயில் நேரத்தையும் வளைக்குள்ளோ பாறை இடுக்கிலோ கழிக்கிறது. ஆக்கி இடுக்குக்குள் நுழைந்து உடலை ஊதிப் பெருக்கிக்கொண்டு, முள் நிறைந்த வாலை வாசல் பக்கம் வைத்து அடைத்துவிட்டால் யாராலும் இழுக்க முடியாது. மண்ணுக்கடியில் அந்தப் பொந்துக் காற்று எப்போதும் ஈரமாக இருக்கும். வெளியே சூடான வறண்ட காற்றை மூச்சாக இழுத்தால் இழந்திருக்கும் தண்ணீர் அங்கே மிச்சப்படுகிறது. வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் நடப்பது நேர்மாறானது. விளக்கின் சூட்டில் எழும் காற்று புகைபோக்கியில் போவதுபோல மேலே போய்விடும், ஈரமும் அதோடு போகும்.

இதன் விலையைச் சிறுநீரகம்தான் கொடுக்கிறது. ஊர்வன நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதி அதுதான். உடலில் நீர் குறைந்தால் யூரிக் அமிலம் வெளியேறாமல் மூட்டுகளிலும் உள்ளுறுப்புகளிலும் படிகமாகத் தங்கும். இதுதான் கவுட் நோய். வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனால் எச்சத்தைத் தினமும் பாருங்கள். வெள்ளைப் பகுதி மென்மையாக, களிம்புபோல இருந்தால் சரி. மஞ்சளாகி, விரலில் நறநறவென்று மணல்போல உறுத்தினால் தண்ணீர் போதவில்லை. (தொட்டுப் பார்த்த கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம்.)

ஆகவே, தரையில் இரண்டு விரல் உயரத்துக்கு மணலைப் பரப்பினால் போதாது. மண்ணும் மணலும் கலந்து 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் 45 வரை நிரப்புங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் வளை இடியாது. பெண் உடும்புக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆண் துணை இல்லாமலே கருவுறாத முட்டைகள் உருவாகலாம். ஆழமான, கதகதப்பான ஈரமண் கிடைக்காவிட்டால் முட்டையை இடாமல் வயிற்றிலேயே தேக்கி வைத்துச் சாகும்.

தீனி எளிது: சிள்வண்டு, கரப்பான் போன்ற பூச்சிகள். எலி எப்போதாவது போதும், அடிக்கடி கொடுத்தால் கொழுத்துவிடும். பூச்சிகளில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டும். அந்தக் கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும், அதைத் தோலில் உருவாக்க யுவிபி என்ற புற ஊதா ஒளி வேண்டும். கண்ணாடி அந்த ஒளியைத் தடுத்துவிடும் என்பதால் ஜன்னல் வெயில் பயன்படாது.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம். கையில் வைத்ததும் அசையாமல் படுத்திருக்கும் குட்டியைப் பார்த்து "நல்ல சாது" என்று விற்பார்கள். நான் அதை வாங்க மாட்டேன். நலமான உடும்புக் குட்டி மேலிருந்து வரும் கையைப் பருந்தாகத்தான் எண்ணும்: பாய்ந்து ஒளியும், பிறகு இடுக்கிலிருந்து நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைச் சோதிக்கும். அசையாத குட்டி குளிர்ந்திருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். வால் அடிப்பகுதி உருண்டு திரண்டிருக்கிறதா, இடுப்பு எலும்பு துருத்துகிறதா என்று பாருங்கள். உங்கள் கண்ணெதிரே இரை தின்னச் சொல்லுங்கள்.

எங்கே பிறந்தது என்பதும் முக்கியம். வாரனஸ் பேரினம் முழுவதும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியல்களில் இருக்கிறது. பல நாடுகளில் சொந்த மண்ணின் உடும்பைப் பிடிப்பதோ வளர்ப்பதோ குற்றம். உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள். இந்தோனேசியாவின் பட்டான்டா தீவில் மட்டுமே வாழும் நீல மர உடும்பு 2001-ல்தான் அறிவியலில் பெயர் பெற்றது. அதன் நிறத்தைப் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. ஒரு சின்னத் தீவில் இருப்பதை ஆசைப்படுகிறவர்களுக்கெல்லாம் பிடித்துக் கொடுத்தால் அங்கே என்ன மிஞ்சும்? கூண்டில் பிறந்தது என்பதற்கு ஆவணமும், முடிந்தால் பெற்றோர் உடும்புகளையும் காட்டாதவரிடம் எந்த உடும்பையும் வாங்காதீர்கள்.

கூண்டைத் தயார் செய்து, உடும்பு இல்லாமலே இரண்டு வாரம் ஓட்டுங்கள். கல்லின் சூடும் மறுமுனையின் குளிர்ச்சியும் தினமும் தவறாமல் நிற்கின்றனவா, மண் எத்தனை நாளில் காய்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரையும் அதற்குள் தேடி வைத்துவிடுங்கள். குட்டி வந்த முதல் மாதத்திலேயே எச்சத்தை அவரிடம் கொடுத்துக் குடற்புழு சோதிக்க வேண்டியிருக்கும்.