கண் எரிவது சூட்டினாலா?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் ஒரு அக்கா கேட்டிருந்தார்: "ஆஸ்பத்திரியில் கண் வறண்டு போயிருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். எனக்கோ சாயங்காலமானால் கண்ணில் தண்ணீராகக் கொட்டுகிறது. கொட்டுகிற கண் எப்படி வறண்ட கண்ணாகும்? வீட்டில் உடம்புச் சூடு என்று சொல்லி விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார்கள்."

என் அம்மாவும் டாக்டரிடம் இதையேதான் கேட்டார். விளக்கெண்ணெய்க்கு அப்புறம் வருகிறேன், முதலில் தண்ணீர்.

கண்ணின் மேல் எப்போதும் ஒரு கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அடியில் கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும் கொழகொழப்பு, அதன் மேல் உப்புத் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஏறக்குறைய மூன்று கூறுதான் மொத்தக் கனம். எண்ணெய் வருவது இமைக்குள்ளிருந்து: மேல் இமையில் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 சுரப்பிகள் வரிசையாக நிற்கின்றன. 1666-இல் ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர் இவற்றை விவரித்ததால் மைபோமியன் சுரப்பிகள் என்று பெயர். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கொஞ்சம் எண்ணெய் பிதுங்கி, இமை மேலே போகும்போது தண்ணீரின் மேல் பரவுகிறது. அது சரியாகப் பரவாவிட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும். வறண்ட கண் என்று வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தண்ணீர் குறைவதைவிட இந்த எண்ணெய்க் கோளாறுதான் பெரிய பங்கு.

சரி, படலம் காய்ந்துகொண்டு வருவது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்: வெளியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கண்ணிலும் அதே கதைதான். இமையைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் கருவிழியின் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்கிறது. ஒரு டிகிரிக்கும் குறைவான இறக்கம், கையால் தொட்டால் தெரியாது. ஆனால் கருவிழியில் இருக்கும் நரம்பு முனைகள் தோலில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு நெருக்கம், அவற்றில் ஒரு வகை இந்தச் சிறு குளிர்ச்சிக்காகவே காத்திருக்கிறது. குளிர்ச்சி தட்டியதும் மூளைக்குச் செய்தி போகிறது, அங்கிருந்து கண்ணீர்ச் சுரப்பிக்கு உத்தரவு வருகிறது. நாம் அழாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கண் ஈரமாக இருக்கிறதே, அதற்கு இந்தக் குளிர் உணர்விகள் ஒரு முக்கியக் காரணம். 2010-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இந்த உணர்வி இல்லாத எலிகளைப் பார்த்தார்கள், அவற்றுக்கு இயல்பான கண்ணீர் குறைந்து போயிருந்தது.

அந்த உணர்வியின் பெயர் டிஆர்பிஎம்8. புதினாவில் இருக்கும் மென்தால் தட்டி எழுப்புவதும் இதைத்தான். தலைவலித் தைலத்தை நெற்றியில் தேய்த்தால் கண் ஜில்லென்று ஆகி நீர் கோர்க்கிறதல்லவா, அந்த ஆவி போய்த் தட்டுவது பெரும்பாலும் இதே கதவைத்தான்.

2002-இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டம் பட்டபூட்டியன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தனித்தனியே இந்த உணர்வியை அடையாளம் கண்டபோது, புதினா ஏன் குளிர்கிறது என்பதையெல்லாம் ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்டிருக்கலாம். வெப்பமும் தொடுதலும் உணரப்படும் விதத்தைக் கண்டதற்கு 2021-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2025-இல் இதே உணர்வியைத் தூண்டிக் கண்ணீர் சுரக்க வைக்கும் சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடனடிப் பயன் எழுதிக் காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த இருபத்து மூன்று வருடங்களை ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது அக்காவின் கேள்வி. எண்ணெய் சரியில்லாத கண்ணில் படலம் அடுத்த இமைப்புக்கு முன்பே அங்கங்கே கிழிந்துவிடுகிறது. மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறி, வலி நரம்புகளும் சேர்ந்து கத்துகின்றன. கண்ணில் மண் விழுந்துவிட்டது போலச் சுரப்பி வெள்ளத்தைத் திறந்துவிடுகிறது. ஆனால் அந்த வெள்ளத்தைப் பிடித்து வைக்க எண்ணெய் இல்லை, கன்னத்தில் வழிந்து போகிறது, கண் மறுபடி காய்கிறது.

அம்மாவின் கண்ணில் டாக்டர் மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சம் போட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லி எண்ணினார். திரையில் கண் முழுக்கப் பச்சையாக மின்னியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பச்சைக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி திறந்து, தாளில் தீப்பொறி பட்ட ஓட்டை போல விரிந்தது. பத்து நொடியாவது தாங்க வேண்டுமாம். பிறகு கீழ் இமையை விரலால் மெல்ல அழுத்தினார். தெளிந்த எண்ணெய் வரவேண்டிய துளையிலிருந்து பற்பசை போல வெள்ளையாகப் பிதுங்கியது.

மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டில் உறைந்துபோனால் என்ன செய்வோம்? வெந்நீரில் வைப்போம். இமைக்கும் அதே வைத்தியம்தான். சுத்தமான துணியை, கை தாங்கும் சூட்டில், சுமார் 40 டிகிரி, மூடிய இமை மேல் ஐந்திலிருந்து பத்து நிமிடம் வைக்க வேண்டும். துணி ஆறிவிடும், மறுபடி நனைத்து வையுங்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான். அப்புறம் இமை ஓரத்தை நோக்கி மெதுவாக நீவிவிட வேண்டும். ஒருநாள் செய்து விட்டுவிட்டால் பலனில்லை, வாரக்கணக்கில் தினமும் செய்ய வேண்டும்.

ஆக, சூடு என்று சொல்லிக் குளிர்ச்சிக்கு அலைகிறோம், கண்ணோ குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது! விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதையும் வீட்டில் எடுத்துக் கண்ணுக்குள் விடாதீர்கள். இதில் எனக்குச் சமரசமே இல்லை. அவற்றில் எதுவும் கிருமி நீக்கியது அல்ல, காய்ந்து உரசிய கருவிழியில் கிருமி ஏறினால் புண்ணாகிப் பார்வையே போகலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டும் அப்படித்தான், இரண்டு நாள் சுகமாக இருக்கும், டாக்டர் பார்க்காமல் தொடர்ந்தால் கண் அழுத்தமும் கண்புரையும் வரும். செயற்கைக் கண்ணீர் நல்லதுதான், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம்) இல்லாததாகக் கேளுங்கள். மீன் எண்ணெய் மாத்திரைக்குப் பணம் செலவழிக்கும் முன் ஒன்று: அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தும் அது ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை.

வாயும் சேர்ந்து வறண்டு, மூட்டும் வலித்தால் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயாக அது இருக்கலாம். சளி, அலர்ஜி மாத்திரைகளும் கண்ணை வறளச் செய்யும். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு இது கூடுதலாக வரும்.

அப்புறம் இமைப்பது. 1993-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை இமைத்தவர்கள் கணினித் திரை முன்னால் 7 முறைதான் இமைத்தார்கள். ஊசியையே உற்றுப் பார்க்கும் தையல் வேலையிலும் இமைப்பு குறையத்தான் செய்யும். ஒரு பீஸ் முடிந்து அடுத்ததை எடுக்கும் இடைவெளியில் இமை இரண்டும் நன்றாகத் தொடும்படி நாலைந்து தடவை மூடித் திறங்கள் அக்கா. முகத்துக்கு நேராக ஃபேன் ஓடினால், சூப்பர்வைசரிடம் சொல்லி அதை முதுகுப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.