வீடு விலைபோகவில்லையா? விலையைக் குறைக்கமுன் உறுதியை வாசியுங்கள்

ஆறு மாதம் பலகை தொங்கியும் வீட்டைப் பார்க்க ஆள் வரவில்லை என்றால் பலரும் முதலில் விலையை இரண்டு இலட்சம் குறைக்கிறார்கள். பிறகு இன்னும் இரண்டு இலட்சம். அதற்கு முன் அலுமாரியிலிருக்கும் காணி உறுதியை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசியுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நின்றுபோகும் விற்பனைகள் பலவற்றில் சிக்கல் அந்தத் தாளில்தான் கிடக்கிறது.

2022 நெருக்கடிக்குப் பிறகு முழுக் காசையும் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடுபவர்கள் குறைந்துவிட்டார்கள். வருபவர்களில் நிறையப் பேர் வங்கிக் கடனை நம்பி வரும் அரச உத்தியோகத்தர்கள். அப்படியென்றால் உங்கள் வீட்டை வாங்கலாமா என்று முடிவு செய்வது வங்கியின் சட்டத்தரணியும் மதிப்பீட்டாளரும்தான். சட்டத்தரணி வழக்கமாக முப்பது வருடத்துக்கான காணிப் பதிவகப் பிரதிகள், நில அளவைப் படம், வீதி எல்லைக்குள் வளவு அகப்படுகிறதா என்று காட்டும் உள்ளூராட்சி சபையின் தெருக்கோட்டுச் சான்றிதழ், ஆதன வரிப் பற்றுச்சீட்டு, அங்கீகரித்த கட்டட வரைபடம் எல்லாம் கேட்பார். மதிப்பீட்டாளர் எண்பது இலட்சம் என்று எழுதினால், நீங்கள் கேட்கும் ஒரு கோடிக்கும் அதற்கும் இடையிலுள்ள இருபது இலட்சத்தை வாங்குபவர் சொந்தக் காசில் போட வேண்டும். வங்கி எண்பதுக்கும் முழுதாகக் கடன் தராது. ஆகவே விலை சொல்லுமுன் நீங்களே ஒரு மதிப்பீட்டாளரை அழைத்துப் பாருங்கள். பக்கத்து வளவு மூன்று வருடத்துக்கு முன் போன விலை இன்றைக்கு உதவாது.

இனி உறுதிக்கு வருவோம். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். இந்த நல்ல வழக்கத்தில் எழுத்து வேலை பாதியில் நிற்கும் இடங்கள் இரண்டு உண்டு.

முதலாவது சீவிய உரித்து. மகளுக்கு எழுதிய சீதன அல்லது நன்கொடை உறுதியில், தாய் தகப்பன் தாங்கள் உயிருள்ளவரை அனுபவிக்கும் உரித்தை ஒதுக்கி வைத்திருப்பார்கள். மகள் மட்டும் கையெழுத்திட்டு விற்றால், அந்த உரித்து அழியாது, வாங்குபவர் வீட்டை அந்தச் சுமையோடுதான் பெறுவார். தாய் தகப்பன் உயிரோடு இருந்தால் விற்பனை உறுதியில் அவர்களும் ஒப்பமிட்டு உரித்தைக் கைவிட வேண்டும். இறந்திருந்தால் இருவரின் மரணச் சான்றிதழும் வேண்டும். ஒருவரின் சான்றிதழ் மட்டும் இருந்து மற்றவருடையது தேட ஒரு மாதம் போவதும் சாதாரணம்.

இரண்டாவது இன்னும் கடினம்: வாய்ப்பேச்சில் கொடுத்த சீதனம். மகள் இருபது வருடமாக அந்த வீட்டில்தான் இருக்கிறாள். உறுதியோ இன்னும் இறந்துபோன தாயின் பெயரில். தமிழ்க் குடும்பம் என்றால் 1876ஆம் ஆண்டின் திருமண உரித்து, வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தாய் மரண சாதனம் (உயில்) எழுதாமல் இறந்திருந்தால் பாதி தகப்பனுக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. நான்கு பிள்ளைகள் என்றால் வீட்டிலிருக்கும் மகளுக்குக் கடதாசியில் எட்டில் ஒரு பங்குதான். முஸ்லிம் குடும்பங்களில் பங்கு வேறு விதமாகப் பிரியும், ஆனால் ஒருவர் தனியாக முழு வீட்டையும் விற்க முடியாது என்பது அங்கேயும் ஒன்றுதான். "பத்து வருடம் ஆண்டுவிட்டோமே, ஆட்சி உரித்து வந்துவிட்டதே" என்பார்கள். கூட்டுரித்தாளர் ஒருவர் குடியிருப்பது மற்றவர்களுக்காகவும் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். சகோதரர்களை வெளிப்படையாக மறுத்து ஆண்டதை நிரூபிக்காமல் பத்து வருடம் எண்ணிப் பயனில்லை. தாமே எழுதிக்கொண்ட ஆட்சிப் பிரகடன உறுதியை வங்கிகள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன.

எனவே தகப்பன் இருந்தால் அவரும், சகோதரர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் கனடாவில், ஒருவர் கத்தாரில் என்றால், அவர்களுக்காக இங்கே ஒருவர் ஒப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் வேண்டும். அதில் "விற்கும் அதிகாரம்" என்று தெளிவாக இருக்கட்டும், காணியின் எல்லைகளும் விஸ்தீரணமும் இருக்கட்டும், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிடட்டும், இங்கே வந்ததும் பதிவாகட்டும். கொடுத்தவர் இறந்தால் அற்றோணித் தத்துவமும் அன்றோடு முடியும். இதற்கெல்லாம் மாதக்கணக்கு ஆகும். பலகை தொங்கவிடுமுன்னே தொடங்க வேண்டிய வேலை இது. வாங்க வந்தவரைக் காத்திருக்கச் சொன்னால், மந்தமான சந்தையில் அவருக்கு வேறு பத்து வீடு இருக்கிறது.

சுனாமியில் உறுதி போனவர்கள் மனம் தளர வேண்டாம். 2004க்கு முன் பதிவான உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும், அதன் உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம். சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுத்த வீடு என்றால் அது நிற்பது உறுதியுள்ள தனியார் காணியிலா அரச காணியிலா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலும் கல்லோயாக் குடியேற்றங்களிலும் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிக்கும் இதே எச்சரிக்கை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணியைச் சாதாரண உறுதி எழுதி விற்க முடியாது. அனுமதிப்பத்திரத்துக்குப் பிறகு அரசு தரும் அளிப்புப் பத்திரம் இருந்தாலும் பிரதேச செயலாளரின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினால் கிடைப்பது தாள் மட்டும்தான்.

வாங்குபவருக்கு இந்தச் சந்தை தரும் பெரிய உதவி அவகாசம். ஒரே வீட்டை இரண்டு காலத்தில் பாருங்கள். மார்கழி மழையில் போனால் வளவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, ஒழுங்கை மூழ்குகிறதா என்பது தெரியும். ஆவணி வெயிலில் போனால் கிணற்றைச் சுவைத்துப் பாருங்கள், வாவியோரத்திலும் கடலோரத்திலும் உவர் அப்போதுதான் ஏறும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளந்தும் பாருங்கள். கடற்காற்று படும் கொங்கிரீட் தட்டின் அடிப்பக்கத்தைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். வெற்றோசை வந்தாலோ கம்பி ஓடும் திசையில் நேர்க்கோடாக வெடிப்பு இருந்தாலோ உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குகிறது. பூச்சு பூசி அதைத் தீர்க்க முடியாது. கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் காணி என்றால், மேலும் கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டியிருக்கும்.

உறுதியில் குறைத்து விலை எழுதும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வாங்குபவர்தான் அதில் ஏமாறுகிறார். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். எழுபது இலட்ச வீட்டுக்கு 2,79,000 ரூபாய். ஐம்பது இலட்சம் என்று எழுதினால் 1,99,000. மிச்சம் 80,000. நாளைக்கு அதே வீட்டை ஒரு கோடி பத்து இலட்சத்துக்கு விற்கும்போது, தனிநபருக்கான மூலதன ஆதாய வரி 2025 ஏப்ரல் முதல் 15 வீதம். உண்மை விலை எழுதியிருந்தால் ஆதாயம் நாற்பது இலட்சம், வரி ஆறு இலட்சம். குறைத்து எழுதியிருந்தால் ஆதாயம் அறுபது, வரி ஒன்பது. எண்பதாயிரத்துக்காக மூன்று இலட்சம்! விற்பனைக்கு முன்னரான மூன்று வருடமும் சொந்தமாக வைத்திருந்து அதில் இரண்டு வருடமாவது குடியிருந்த பிரதான வீட்டுக்கு விலக்கு உண்டு, வாடகைக்கு விட்ட வீட்டுக்குக் கிடையாது. 2017 செப்டெம்பர் 30 அன்று உங்களிடம் இருந்த வீடு என்றால், அன்றைய சந்தைப் பெறுமதியே அடக்க விலையாகும். அதற்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கை எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் வாங்க முன்வந்தால், இரட்டைக் குடியுரிமை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, அது இல்லாதவருக்கு வளவும் வீடும் எழுத முடியாது.

முற்பணத்தை வெறும் பற்றுச்சீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். காணி விற்கும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் அதை வைத்து விற்பனையை வற்புறுத்த முடியும். வங்கி கடனை மறுத்தால் முற்பணம் எத்தனை நாளில் திரும்பும், சீவிய உரித்தும் சகோதரர் கையெழுத்தும் எந்தத் திகதிக்குள் முடியும், மின்சார, நீர்ப் பட்டியல் நிலுவை யாருடையது என்பதை அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அறுதி உறுதி, அதாவது இறுதி விற்பனை உறுதி, ஒப்பமான பிறகு, நொத்தாரிசு அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டாரா என்று நீங்களே போய்ப் பாருங்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதி இருந்தால், மோசடி இல்லாதவிடத்து முதலில் பதிவானதற்கே முன்னுரிமை. பிந்தி எழுதியது முந்திப் பதிவாகியிருந்தாலும் அப்படித்தான்.