வால்ரஸ் இறைச்சியைப் பச்சையாக உண்ணலாமா? நாக்கைக் கேளுங்கள்

கனடாவின் வட கியூபெக்கிலுள்ள நூனாவிக்கில் வாழும் பழங்குடியினரான இனுயிட் மக்கள், தந்தமுள்ள பெரிய கடல்விலங்கான வால்ரஸின் இறைச்சியைப் பச்சையாகவும் உறைந்த நிலையிலும் உண்கிறார்கள். மாதக்கணக்கில் புளிக்கவைத்தால் அது இகுனாக். அந்த இறைச்சியில் டிரிக்கினெல்லா நேட்டிவா என்ற புழுவின் லார்வாக்கள் இருந்தால் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முக வீக்கம், தசைவலி எல்லாம் வரும். பன்றி இறைச்சியிலுள்ள உறவுப்புழு மைனஸ் 15 டிகிரி செல்சியஸில் மூன்று வாரத்தில் செத்துவிடும். நேட்டிவா என்ற இந்தத் துருவப்புழுவோ ஆண்டுக்கணக்கில் உறைந்து கிடந்தும் பிழைக்கும். புளிக்கவைப்பதையும் உலர்த்துவதையும் நம்ப முடியாது. உட்பகுதி 71 டிகிரியைத் தொடும்வரை வேகவைத்தால் கவலையில்லை. ஆனால் வேகவைத்தபின் அது இகுனாக்கும் இல்லை.

அதனால் 1992-ல் தொடங்கிய தடுப்புத் திட்டம் சமையலில் கைவைக்கவில்லை. கொன்ற ஒவ்வொரு வால்ரஸின் நாக்கும் தனித்தனியே அடையாளமிடப்பட்டு, கூஜுவாக் ஊர் ஆய்வகத்துக்கு விமானத்தில் போகிறது. முடிவு வரும்வரை இறைச்சியைப் பங்கு பிரிப்பதில்லை. ஓயாமல் அசையும், இரத்தம் நிறையப் பாயும் தசைகளில்தான் லார்வாக்கள் அதிகம் தங்கும், நாக்கு அப்படிப்பட்டது.

ஆய்வகத்தில் நடப்பது செயற்கைச் செரிமானம். பரவலாகக் கையாளப்படும் நியம முறையில், 100 கிராம் தசைக்கு இரண்டு லிட்டர் வெந்நீர், 25 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 16 மில்லிலிட்டர், புரதத்தைச் செரிக்கும் நொதியான பெப்சின் 10 கிராம். அமிலத்தை நீரில் கலந்த பிறகே பெப்சின் போட வேண்டும். அடர் அமிலம் நேரடியாகப் பட்டால் நொதி கெட்டுவிடும். அரைத்த தசையைச் சேர்த்து, 44 முதல் 46 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் கலக்குவார்கள். தசை கரையும், லார்வா கரையாது. சல்லடையில் வடித்துப் புனலில் அரை மணி நேரம் விட்டால் அடியில் படியும். நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளச் சுருள்களாகத் தெரியும்.

நாக்கின் தடித்த மேல்தோலையும் கொழுப்பையும் முதலிலேயே நீக்காவிட்டால் செரிமானம் பாதியில் நிற்கும். சல்லடையில் 5 சதவீதத்துக்கு மேல் தசை எஞ்சினால் அந்தச் சோதனை செல்லாது. ‘புழு இல்லை’ என்று எழுதவே கூடாது.

வேகம்தான் இத்திட்டத்தின் உயிர் என்பேன். மாதிரி வந்த 24 மணி நேரத்துக்குள் பதில் போனால் மக்கள் காத்திருப்பார்கள். நூனாவிக்கின் 14 ஊர்களுக்கும் இடையே சாலை கிடையாது. வானிலை மோசமானால் விமானமும் இல்லை. அதைவிடத் தொல்லை அடையாளச் சீட்டு: இரண்டு விலங்குகளின் சீட்டுகள் மாறிப்போய் ஒன்றில் லார்வா இருந்தால், இரண்டையுமே அழிக்க வேண்டியதுதான்.