தோட்டக்காரன் கையில் ஒரு வங்கி முதலாளி

‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ நாவலை மொழிபெயர்ப்பில் படித்து முடித்த கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: “ஒரே ஒரு தந்திக் கோபுர ஊழியனுக்குப் பணம் கொடுத்து, பாரிஸின் பெரிய வங்கி முதலாளியைப் பிரபு கவிழ்த்துவிடுகிறாரே, இது நடக்கக்கூடிய காரியமா? செய்தி பொய் என்று ஒருவருக்குமா தெரியாது?”

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பொய்க் குற்றச்சாட்டில் 14 ஆண்டுகள் சிறையில் கிடந்த மாலுமி எட்மோன் தாந்தேஸ் தப்பி வந்து, புதையல் எடுத்து, இத்தாலிக்கு அருகில் ஒரு தீவை வாங்கி அதன் பெயராலேயே பிரபு ஆகிறான். அவனைச் சிறைக்கு அனுப்பியவர்களில் மீனவன் ஒருவன் பிரபுவாகிவிட்டான்; கப்பல் கணக்கன் தாங்லாரோ பாரன் பட்டம் பெற்ற வங்கி முதலாளி. அமைச்சகத்துக்கு வரும் தந்திச் செய்திகள் ரகசியமாகக் காதுக்கு எட்டுவதால் பங்குச் சந்தையில் கொழிப்பவன். அந்தத் தந்தியைத்தான் மாண்டி கிறிஸ்டோ பிரபு தொடுகிறார்.

தந்தி என்றதும் கம்பியும் மோர்ஸும் நினைவுக்கு வரும். ஆனால் இது கம்பியே இல்லாத தந்தி. குளோத் ஷாப் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கியது. 1794-இல் பாரிஸுக்கும் லீல் நகருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. ‘டெலிகிராஃப்’ என்ற சொல்லே இதற்காகப் பிறந்ததுதான். அறிவியல் வரலாற்றில் இதற்கு அரைப் பக்கம்கூடக் கொடுக்காமல் மின்சாரத்துக்குத் தாவிவிடுவது எனக்கு எப்போதுமே வருத்தம்.

மலை உச்சிகளிலும் பழைய கோட்டைகளிலும் சுமார் 10 கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம். ஒரு கோபுரம் காட்டும் சைகையை அடுத்த கோபுரம் தொலைநோக்கியில் பார்த்து அப்படியே திருப்பிக் காட்டும். உச்சியில் சுழலும் நீண்ட சட்டம். அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு கை. கை ஒவ்வொன்றும் 45 பாகை இடைவெளியில் 7 நிலைகளில் நிற்கும். சட்டம் கிடையாகவோ செங்குத்தாகவோ நிற்கும். 7×7×2 = 98 சைகைகள். பணி தொடர்பானவற்றை ஒதுக்கினால் மிச்சம் 92. முதல் சைகை, சைகைகளுக்குப் பொருள் தரும் குறிநூலின் பக்கத்தையும் அடுத்த சைகை வரியையும் சொல்லும். 92 பக்கம், பக்கத்துக்கு 92 வரி: 8,464 சொற்கள், சொற்றொடர்கள்.

என்னைக் கட்டிப்போட்டது இதன் அடுத்த நுட்பம். கோபுர அறைக்குள் அதே வடிவில் ஒரு சிறு கருவி இருக்கும். ஊழியர் அதை எப்படி மடக்குகிறாரோ, கூரைமேல் இருக்கும் பெரிய கைகளும் அப்படியே மடங்கும். ஆனால் சட்டம் சாய்ந்திருக்கும்வரை அந்தச் சைகைக்கு மதிப்பில்லை. சாய்வில் வடிவத்தை அமைத்துச் சரிபார்த்து, சட்டத்தைக் கிடையாகவோ செங்குத்தாகவோ திருப்பிய பிறகே அது செல்லும். உடனே தொலைநோக்கியை அடுத்த கோபுரத்துக்குத் திருப்பி, அங்கே அது பிசகாமல் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். தவறு நேர்ந்தால் ‘முந்தையதை அழி’ என்பதற்கும் தனிச் சைகை உண்டு. இன்றைய கணினி வலையமைப்புகள் செய்யும் பிழைதிருத்தத்தை மரத்தாலும் கயிற்றாலும் செய்துகாட்டியிருக்கிறார்கள்!

இத்தனைக்கும் ஊழியருக்குச் செய்தியின் பொருள் தெரியாது. குறிநூல் மேலதிகாரிகளிடம் மட்டுமே. ரகசியம் காக்கச் செய்த இந்த ஏற்பாட்டால், தான் கடத்துவது உண்மையா பொய்யா என்று அறியவும் அவருக்கு வழியில்லை.

நிஜத்திலும் இது நடந்தது. போர்தோ நகரத்து பிளாங்க் சகோதரர்கள் 1834 முதல் 1836 வரை, பாரிஸ்–போர்தோ தந்திப் பாதையில் இருந்த தூர் நகரில் ஊழியர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, அரசுச் செய்திக்கு நடுவே ஒரு தவறான சைகையையும் அடுத்து ‘அழி’ சைகையையும் சேர்க்கவைத்தார்கள். போர்தோ அதிகாரி அந்தப் பிழையை நீக்கிவிடுவார். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளிக்கோ பாரிஸ் சந்தையின் போக்கு தெரிந்துவிடும். பிழை திருத்தும் வழியையே ஒளிவிடமாக்கிய அந்த மூளையைக் கண்டு வியக்கிறேன். இப்படிச் செய்வதைத் தண்டிக்க அப்போது சட்டம் இல்லை, 1837-இல்தான் வந்தது.

நாவலை எழுதிய அலெக்சாந்தர் துமா தம் கதையைத் தொடராக வெளியிட்டது 1844 முதல் 1846 வரை. பாரிஸுக்குத் தெற்கே மோன்லெரி கோபுரத்தில் இருக்கும் ஊழியருக்குத் தோட்டம்தான் உயிர். பழங்களை எலிபோன்ற சிறு பிராணிகள் தின்றுவிடுகின்றன என்பதே அவர் கவலை. பிரபு 25,000 பிராங்க் கொடுத்து, ஸ்பெயின் பற்றிய பொய்ச் செய்திக்கான சைகைகளை நீட்டுகிறார். தாங்லார் பதறியடித்து ஸ்பெயின் கடன்பத்திரங்களை விற்கிறான். மறுநாள் அரசிதழ், பனிமூட்டத்தால் தந்தி தவறாகப் படிக்கப்பட்டது என்று அறிவிக்கிறது.

அந்த மாணவியின் கேள்விக்கு விடை இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. இடப்பக்கக் கோபுரம் பொய்ச் சைகைகளை ஒழுங்காக வாங்கிப் பாரிஸுக்கு அனுப்புகிறது. அசல் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்த வலப்பக்கக் கோபுரத்து ஆள் தவற்றைக் கண்டுவிட்டான். தோட்டக்காரனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று நினைத்து ஓயாமல் சைகை காட்டுகிறான். ஆனால் பாதை ஒன்றுதான். பாரிஸுக்குச் சொல்ல வேண்டுமென்றால், அவன் அந்தத் தோட்டக்காரனிடம்தான் சொல்ல வேண்டும்.